எக்ஸெல்ல விட்டுப்போன ஒரு காலம்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. அமெரிக்க அரசியல்னாலே அலர்ஜி ஆகிற மக்கள் இப்பவே அடுத்த கடைக்கு நகர்ந்துடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-) இதில் வர்ற நண்பன்கிட்ட படிச்சுக் காட்டி, அவன் சரின்னு சொன்ன பிறகுதான் போடறேன். பேர் கிடையாது. ஊர் விவரமெல்லாம் மாத்தியிருக்கேன்.

போன வாரம் பரண் ஒழிக்கிற மாதிரி ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒழிச்சுக்கிட்டு இருந்தேன். பாதிக்கு மேல இளையராஜா எம்பி3. மீதி, யாரோட கல்யாணம்னே ஞாபகம் வராத கல்யாண போட்டோக்கள். அதுக்கு நடுவுல 'ஓட்டு2008_ஃபைனல்_நிஜமாவே_ஃபைனல்'னு ஒரு எக்ஸெல் கோப்பு.

2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நான் போட்ட வேட்பாளர் ஒப்பீட்டுப் பட்டியல் அது. அப்போ நியூஜெர்சியில எச்-1பி விசாவில் குப்பை கொட்டிக்கிட்டு இருந்தேன். ஓட்டு கிடையாது. பத்திரிகையே வைக்காத கல்யாணத்துல போய் உட்கார்ந்து சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்ற கதைதான். ஆனா அந்த வருஷம் யாருக்குமே வாய் சும்மா இருக்கல. ஆளாளுக்குப் பதிவு போட்டோம், நானும் இந்தப் பட்டியலை வச்சு மூணு பாகமா ஒரு மெகா தொடர் ஓட்டினேன்.

பட்டியல்ல கீழே வரிசையா பேர்: ஹிலரி கிளின்டன், ஒபாமா, எட்வர்ட்ஸ், ரிச்சர்ட்சன், பைடன், டாட், குசினிச், கிராவெல். அந்தப் பக்கம் மெக்கெய்ன், ராம்னி, ஜூலியானி, ஹக்கபி, ரான் பால். மேலே குறுக்கால ஈராக் போர், வரி, மருத்துவக் காப்பீடு, அவுட்சோர்சிங், கிரீன் கார்டு. எஃப் காலம் வரைக்கும் ஒழுங்கா இருக்கு. அதுக்கடுத்து நேரா எச். நடுவுல ஜி-யைக் காணோம். ரைட் கிளிக் பண்ணி அன்ஹைட் கொடுத்தா எட்டிப் பார்த்துச்சு: 'கே / லெஸ்பியன் உரிமை'.

மறைச்சது வேற யாரும் இல்ல, நான்தான்.

அந்தக் காலத்தைச் சேர்க்கச் சொன்னவன் அப்போ என் ரூம்மேட். என்னைவிட நாலு வயசு சின்னவன், தெக்கத்திப் பையன், அதனால 'அண்ணே'. 2007 கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை நான் லேப்டாப்போட சமையலறை மேஜையில், அவன் அடுப்புப் பக்கம்.

"அண்ணே, இன்னொரு காலம் போடுங்க."

"என்ன காலம்டா?"

"கே மேரேஜ்."

"அது எதுக்குடா நமக்கு?"

கொஞ்ச நேரம் குழம்பைக் கிண்டிக்கிட்டே இருந்தான். "எனக்கு வேணும்ணே"ன்னான்.

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வரி அவனாச் சொல்லல. நான் கேட்ட முதல் கேள்வி "சும்மா விளையாடாத". ரெண்டாவது, "வீட்டுக்குத் தெரியுமா?" மூணாவதா நான் கேட்டதை இங்க எழுத வெட்கமா இருக்கு, விட்டுடறேன். ஆனா அவன் பொறுமையா உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தான். காலேஜ் காலத்துலேர்ந்து அவனுக்கு ஒருத்தர். சென்னையில வேலை. "நாளைக்கு நீங்க கல்யாணம் பண்ணினா அண்ணியை எச்-4-ல கூட்டிட்டு வந்துடுவீங்க. நான் யாரை எந்த விசாவுல கூட்டிட்டு வரது?" இந்தக் கேள்விக்குப் பதில் எந்த வேட்பாளர்கிட்ட இருக்குன்னு பார்க்கத்தான் அவனுக்கு அந்தக் காலம் வேணும்.

(இடையில ஒரு சொல் விவகாரம். அந்தக் காலத்துல நாமெல்லாம் 'ஓரினச்சேர்க்கை'ன்னுதான் எழுதுவோம். அவனுக்கு அந்தச் சொல்லே ஆகாது. "விசா ஃபாரம் நிரப்பறவனைப் போய் சேர்க்கை, கீர்க்கைங்கறீங்களே"ம்பான். இப்போ தன்பாலீர்ப்புன்னு ஒரு நல்ல சொல் புழக்கத்துல இருக்கு. நான் அதையே வச்சுக்கறேன்.)

எச்-4 சிக்கலுக்குக் காரணம் 1996-ல வந்த ஒரு சட்டம். திருமணப் பாதுகாப்புச் சட்டம், சுருக்கமா டோமா. பாதுகாப்புன்னு பேர் வச்சாலே உஷாராயிடணும். பிரதிநிதிகள் சபையில 342-67, செனட்டில் 85-14னு அமோகமா நிறைவேறி, கையெழுத்துப் போட்டவர் பில் கிளின்டன். செப்டம்பர் 21, நள்ளிரவு தாண்டி, போட்டோகிராஃபர் யாரும் இல்லாம கையெழுத்து. அவ்வளவு கூச்சம். ஆனா அடுத்த மாசமே அவரோட பிரசாரக் குழு கிறிஸ்தவ வானொலிகள்ல அதைச் சாதனையாச் சொல்லி விளம்பரம் கொடுத்துச்சு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்துச்சு.

இந்தச் சட்டத்துல ரெண்டு பிரிவு முக்கியம். 2-ஆம் பிரிவு: ஒரு மாநிலத்துல நடந்த ஒருபால் திருமணத்தை இன்னொரு மாநிலம் ஏத்துக்கணும்னு அவசியம் இல்ல. 3-ஆம் பிரிவு: மத்திய அரசு கணக்குல திருமணம்னா ஒரு ஆண், ஒரு பெண் மட்டும்தான். விசா, வருமான வரி, ஓய்வூதியம் எல்லாம் மத்திய அரசு சமாச்சாரம். 2004 மே 17-லேர்ந்து மாசசூசெட்ஸ்ல தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம். நாங்க இருந்த நியூஜெர்சியில 2007-லேர்ந்து சிவில் யூனியன் உண்டு. ஆனா அந்தச் சான்றிதழை விசா அலுவலகத்துல நீட்டினா, அப்பளம் சுத்திக் கொடுக்கக்கூட ஆகாது.

இந்த ரெண்டு பிரிவை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

சரி, ஜி காலத்துக்குள்ள போவோம். முதல் கேள்வி: 'ஒருபால் திருமணம், சரியா?' பட்டியலைப் பார்த்தா சிரிப்புதான் வருது. ஹிலரி இல்லை. ஒபாமா இல்லை. எட்வர்ட்ஸ் இல்லை. பைடன், டாட், ரிச்சர்ட்சன் இல்லை. மெக்கெய்ன், ராம்னி, ஹக்கபி, ஜூலியானி இல்லவே இல்லை. மொத்தக் கூட்டத்துல ஆமான்னு சொன்னது ஒஹாயோ குசினிச்சும், அலாஸ்காவோட முன்னாள் செனட்டர் கிராவெலும்தான். ரெண்டு பேருக்கும் ஜெயிக்கிற வாய்ப்பு பூஜ்யம். தோக்கப் போறோம்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் உண்மை பேசுற வசதி இருந்துச்சு.

2007 ஆகஸ்ட் 9 அன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல, இந்த உரிமைகளைப் பத்தி மட்டுமே கேள்வி கேட்கிற ஒரு மேடை நடந்தது. லோகோ சேனல்ல நேரலை. டெமாக்ரட்டுகள் ஆறு பேர் வந்தாங்க, பைடனும் டாடும் வரல. பாடகி மெலிசா ஈதரிட்ஜ் ரிச்சர்ட்சன்கிட்ட, "இது பிறவியிலேயே வர்றதா, தேர்ந்தெடுத்துக்கிறதா?"ன்னு கேட்டாங்க. மனுஷன் பட்டுன்னு தேர்வுதான்னு சொல்லிட்டார். அரங்கமே அதிர்ந்து போச்சு. கேள்வியைச் சரியாப் புரிஞ்சுக்கலன்னு அப்புறமா விளக்கம் கொடுத்தார்.

என் பட்டியல்ல ரிச்சர்ட்சன் கட்டத்துல சிவப்பு அடிச்சு 'அவுட்'னு எழுதியிருக்கேன். இப்போ பார்த்தா அது தப்புன்னு படுது. இந்த ரிச்சர்ட்சன்தான் நியூ மெக்சிகோ கவர்னரா 2003-ல, பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் காரணம் காட்டி வேலையிலேயோ வீட்டு வாடகையிலேயோ யாரையும் ஒதுக்கக் கூடாதுங்கற சட்டத்துல கையெழுத்துப் போட்டவர். மேடையில இருந்த மத்தவங்க அப்படி செய்வேன், இப்படி செய்வேன்னுட்டு இருந்தப்போ, இவர் ஏற்கெனவே செஞ்சுட்டு வந்து வாயால கெட்டார். நான் வாய்க்கு மார்க் போட்டேன்.

மெக்கெய்ன் கதை இதுக்கு நேர் எதிர். ஒருபால் திருமணத்தை அரசியல் சட்டத்துலேயே தடை பண்ணணும்னு புஷ் ஆதரவோட வந்த திருத்தத்தை 2004-லயும் 2006-லயும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். சொந்தக் கட்சியை மீறி! 2004-ல அப்படி எதிர்த்த ரிபப்ளிகன் செனட்டர்கள் ஆறே பேர். (அதே ஓட்டெடுப்புக்கு டெமாக்ரட் அதிபர் வேட்பாளர் கெர்ரியும், துணை அதிபர் வேட்பாளர் எட்வர்ட்ஸும் வரவே இல்லை.) பார்த்தீங்களா நடுநிலைன்னு நானும் பச்சை அடிச்சிருக்கேன். ஆனா மெக்கெய்ன் சொன்ன காரணம், இது மாநிலங்களோட விஷயம், மத்தியில கை வைக்கக் கூடாதுங்கறது. அந்த மாநிலம்னு வந்தப்போ என்ன பண்ணினார்? 2006-ல அரிசோனாவுல திருமணத்தோட சேர்த்து சிவில் யூனியனையும் தடை பண்ற திட்டத்துக்கு ஆதரவு. அரிசோனா மக்களே அதைத் தோற்கடிச்சாங்க, அப்படி ஒரு தடையை வாக்கெடுப்புல நிராகரிச்ச முதல் மாநிலம் அதுதான். 2008-ல திரும்பக் கொஞ்சம் சுருக்கி வந்த தடைக்கும் ஆதரவு, அது ஜெயிச்சது. ராணுவத்துல 'கேட்காதே, சொல்லாதே' சட்டத்தை நீக்கற பேச்சு வந்தா, தளபதிகள் சொன்னா கேட்டுக்கறேன்னு 2006-ல சொன்னவர். 2010-ல தளபதிகளே சொன்னதும், செனட்டுல அதை முன்னால நின்னு எதிர்த்ததும் அவர்தான்.

ராம்னிக்கு ரெண்டு வரி போதும். 1994-ல செனட்டுக்கு நின்னப்போ, கே உரிமையில டெட் கென்னடியைவிட நான் நல்லா செய்வேங்கற மாதிரி ஒரு கடிதம் எழுதினார். 2008-ல அரசியல் சட்டத் திருத்தமே வேணும்னார். எல்லாரும் மெதுவா முன்னால நகர்ந்துக்கிட்டிருந்த காலத்துல ரிவர்ஸ் கியர் போட்டவர்.

இப்போ ஹிலரி, ஒபாமா. என் ரூம்மேட்டுக்கும் எனக்கும் சண்டை வந்த இடம் இது. ரெண்டு பேரும் திருமணம் வேண்டாம், சிவில் யூனியன் போதும்னாங்க. ரெண்டு பேரும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டவங்க. ராணுவச் சட்டம் போகணும், வேலையில பாகுபாட்டைத் தடுக்கிற எண்டா சட்டம் வரணும். (எண்டாவை 'ஏன்டா'ன்னு படிச்சுடாதீங்க. ஆனா 1994-லேர்ந்து வருஷா வருஷம் கொண்டு வந்து கடைசி வரைக்கும் சட்டமே ஆகாத கதையைப் பார்த்தா அந்தப் பேரும் பொருத்தம்தான்.) வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. டோமாவை முழுசா நீக்கணும்னார் ஒபாமா. ஹிலரி, 3-ஆம் பிரிவை மட்டும் நீக்கினாப் போதும், 2-ஆம் பிரிவு இருக்கட்டும்னாங்க.

நான் ஒபாமா கட்சி. முழுசு பெருசா, பாதி பெருசா? எல்.கே.ஜி. கணக்கு. அவன் ஒத்துக்கல. "அண்ணே, நான் என்ன டெக்ஸாஸ் போயா குடித்தனம் பண்ணப் போறேன்? எனக்கு விசா வேணும். விசாவை அடைச்சு வச்சிருக்கறது 3-ஆம் பிரிவு. ரெண்டு பேருமே அதைத் திறக்கறேங்கறாங்க. முழுசா நீக்கப் போறேன்னு போய் காங்கிரஸ்ல மாட்டிக்கிட்டா எனக்கு அதுவும் கிடைக்காது. யாரால சீக்கிரம் முடியும்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கு அப்போ இது சுயநலமாப் பட்டுச்சு. கொள்கைன்னா முழுசாத்தானே இருக்கணும்னு பிரசங்கம் வேற பண்ணினேன். எனக்கென்ன, எனக்குத்தான் எச்-4 இருக்கே.

அவன் சொன்ன வழியிலதான் பின்னால எல்லாம் நடந்தது. 2013 ஜூன் 26, வின்ட்சர் வழக்குல உச்ச நீதிமன்றம் அடிச்சுத் தூக்கினது 3-ஆம் பிரிவை மட்டும்தான். சில நாள்லயே குடியேற்றத் துறை ஒருபால் தம்பதிகளோட விசா மனுக்களையும் மத்த மனுக்கள் மாதிரியே எடுத்துக்க ஆரம்பிச்சது. டெக்ஸாஸ்காரர்கள் 2015 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

ஜி காலத்துல இன்னொரு கட்டத்துக்கும் இப்போ கதை மாறியிருக்கு. 2008 ஆகஸ்ட்டில் ரிக் வாரனோட சேடில்பேக் தேவாலயத்துல ஒபாமாவைக் கேட்டாங்க. திருமணம்னா ஆணும் பெண்ணும் சேர்றது, ஒரு கிறிஸ்தவனா எனக்கு அது புனிதமானதுன்னார். கைதட்டல். அந்த அக்டோபர்ல துணை அதிபர் விவாதம், பைடனும் சாரா பேலினும். திருமணத்தை ஆதரிக்கறீங்களான்னதும் பைடன் ஒரே வார்த்தையில இல்லைன்னார், பேலினும் அதேதான். ரெண்டு பேரும் ஒத்துப் போயிட்டீங்க, நல்லது, அடுத்து வெளியுறவுன்னு போயிட்டாங்க விவாதத்தை நடத்தினவங்க. அரங்கத்துல சிரிப்பு. எங்க ஹால்ல ஏழெட்டுப் பேர் பீட்சா தின்னுக்கிட்டே பார்த்தோம், நாங்களும் சிரிச்சோம். அவன் எழுந்து போய் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சான். அவன் முறை கூட இல்ல அன்னிக்கு.

2009 ஜனவரியில சிகாகோவோட விண்டி சிட்டி டைம்ஸ் பழைய காகிதம் ஒண்ணை வெளியிட்டுச்சு. 1996-ல இல்லினாய் செனட்டுக்கு நின்னப்போ ஒபாமா நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள். ஒருபால் திருமணத்தைச் சட்டபூர்வமாக்க ஆதரிக்கிறேன், தடுக்க வந்தால் எதிர்த்துப் போராடுவேன்னு அதுல இருக்கு. 1996-ல சரி, 2008-ல தப்பு, 2012 மே 9-ல திரும்பச் சரி. அவரோட ஆலோசகர் ஆக்ஸல்ராட் 2015-ல எழுதின புத்தகத்துல, அவர் மனசுல இருந்ததை அரசியலுக்காக மறைச்சார்னே எழுதிட்டார். காலப் கணிப்புல திருமணத்துக்கு ஆதரவு 1996-ல 27 சதவீதம், 2008-ல 40, 2012-ல 50. அந்த ஐம்பதுக்காகக் காத்திருந்தாரோ என்னவோ. அதுவும் மூணு நாள் முன்னால பைடன் டிவியில உளறிக் கொட்டின பிறகு!

"பொய் சொன்னா என்ன, ஜெயிச்சு வந்து செஞ்சாரே"ங்கற கட்சி உண்டு. நானும் பாதி அந்தக் கட்சிதான். 2010 டிசம்பர் 22 அன்னிக்கு ராணுவச் சட்டத்தை நீக்கிக் கையெழுத்துப் போட்டார். பதினேழு வருஷத்துல 13,000-க்கும் மேல சிப்பாய்களை வெளியே அனுப்பின சட்டம் அது. 2011 பிப்ரவரியில, டோமாவுக்காக இனிமே கோர்ட்டுல வாதாட மாட்டோம்னு அறிவிச்சார். (அதுக்கு முன்னாடி 2009-ல இதே ஒபாமா அரசு அதே டோமாவைக் காப்பாத்த கோர்ட்டுல மனு போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டதையும் சொல்லிடணும்.)

ஆனா அந்தப் பொய்க்கு ஒரு விலை இருந்தது, அதை அவர் கொடுக்கல. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2008 மே-யில திருமணத்தை அனுமதிச்சது, ஜூன்லேர்ந்து நவம்பருக்குள்ள சுமார் 18,000 ஜோடிகள் கல்யாணம் பண்ணினாங்க. அதை நிறுத்த வந்ததுதான் பிராப் 8. அதை எதிர்க்கிறேன், பிரிவினை, பாகுபாடுன்னு ஜூன் மாசமே ஒபாமா கடிதம் எழுதினார். யாரு படிச்சா? திருமணம்னா ஆணும் பெண்ணும்னு அவரே சொன்னதை எடுத்து பிராப் 8 ஆதரவாளர்கள் துண்டறிக்கை அடிச்சு வீடு வீடா அனுப்பினாங்க. நவம்பர் 4 அன்னிக்கு கலிபோர்னியாவுல ஒபாமாவுக்கு 61 சதவீதம், பிராப் 8-க்கு 52 சதவீதம். ரெண்டுக்கும் சேர்த்துக் குத்தினவங்க நிறையப் பேர். அங்கே திரும்பக் கல்யாணம் நடக்க 2013 ஜூன் ஆயிடுச்சு.

வாயால சொல்ற இல்லையும் ஊருக்குள்ள போய் வேலை செய்யும். ரிச்சர்ட்சன் விஷயத்துல வாயைப் பார்க்காதே, கையைப் பாருன்னு மேலே எழுதினேன். ஒபாமா விஷயத்துல அது மட்டும் போதலை. ரெண்டையும் பார்க்கணும். இதுக்கு எக்ஸெல்ல ஃபார்முலா இருந்தா யாராவது சொல்லுங்க.

பட்டியல்ல நான் வைக்காமலே விட்ட காலம் ஒண்ணும் உண்டு. நீதிபதிகள். எனக்கு மாதிரி ராபர்ட்ஸும் அலிட்டோவும்னு 2008-ல மெக்கெய்ன் வெளிப்படையாவே சொன்னார். ஒபாமா ஜெயிச்சு சோட்டோமேயரையும் கேகனையும் கொண்டு வந்தார். 2015 ஜூன் 26, ஒபர்கெஃபெல் தீர்ப்பு, நாடு முழுக்க ஒருபால் திருமணம். 5-4. அந்த அஞ்சுல இந்த ரெண்டு பேரும் உண்டு. எதிர்த்த நாலுல ராபர்ட்ஸும் அலிட்டோவும் உண்டு. ஒபாமா 'இல்லை', மெக்கெய்ன் 'இல்லை'ன்னு பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி நான் அடிச்ச ரெண்டு கட்டத்துக்குள்ள இவ்வளவு தூரம் இருந்திருக்கு. இதுவும் ஜோசியம் மாதிரிதான், முழுசா நம்ப முடியாது. எண்டா செய்ய முடியாததை 2020-ல பாஸ்டாக் தீர்ப்புல எழுதிக் கொடுத்தவர், டிரம்ப் நியமிச்ச கோர்சச்!

பைடனோட வரிசை மட்டும் தனியா ஒரு நாவல். 1996-ல டோமாவுக்கு ஆதரவா ஓட்டு. 2008-ல ஒரே வார்த்தையில இல்லை. 2012-ல எனக்குச் சம்மதம்தான். 2022 டிசம்பர் 13-ல, அதிபரா, டோமாவை ஒரேயடியா நீக்கற சட்டத்துல கையெழுத்து. இப்படி மாறினவங்களைப் பார்த்தா சந்தர்ப்பவாதின்னு திட்டறவங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மாறாம இருந்திருந்தா சட்டம் எங்கிருந்து வந்திருக்கும்? ஆனா மாறின தேதியைப் பட்டியல்ல எழுதி வைக்கணும். 27 சதவீதம் இருந்தப்போ மாறினாரா, 50 ஆன பிறகா? 1996-ல எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 14 செனட்டர்கள்ல கெர்ரியும் ஒருத்தர், அதே வருஷம் அவருக்கு மறுதேர்தல் இருந்துச்சு. அந்த ஓட்டுக்கு எடை வேற.

2022 சட்டத்துலயும் பழைய ரெண்டு பிரிவு வாசம் அடிக்குது. வேற மாநிலத்துல நடந்த திருமணத்தை ஏத்துக்கணும், மத்திய அரசும் ஏத்துக்கணும், அவ்வளவுதான். ஒவ்வொரு மாநிலமும் திருமணம் நடத்தி வச்சாகணும்னு அதுல இல்ல. அதைத் தாங்கி நிக்கறது இன்னமும் 2015 தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பையும் மறுபடி பார்க்கணும்னு நீதிபதி தாமஸ் 2022-ல எழுதினதாலதான் இந்தச் சட்டமே அவசரமா வந்தது. செனட்டுல 12 ரிபப்ளிகன்கள் ஆதரிச்சாங்க. அந்தக் கட்சியோட 2016 தேர்தல் அறிக்கையில திருமணம்னா ஆணும் பெண்ணும்னு இருந்தது, 2024 அறிக்கையில அந்த வரி இல்லை. எதிர்க்கலங்கறதுக்கும் ஆதரிக்கறதுக்கும் நடுவுல ஒரு கட்டம் தனியா வேணும் போல. எதிர்ப்பக்கம் நின்ன கமலா ஹாரிஸுக்கோ வாயும் கையும் ஒண்ணாவே இருந்திருக்கு: 2004-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல மாவட்ட வழக்கறிஞரா இருந்தப்பவே ஒருபால் ஜோடிகளுக்குக் கல்யாணம் நடத்தி வச்சவர். துளசேந்திரபுரத்துல பேனர் வச்ச நம்ம மக்கள்ல எத்தனை பேர் அதைப் பேனர்ல போட்டாங்க? :-)

என் கதைக்கு வரேன். 2008 ஜனவரியில அந்தத் தொடரைப் போடறதுக்கு முந்தின ராத்திரி ஜி காலத்தை மறைச்சேன். பின்னூட்டத்துல என்ன வரும்னு தெரியும். "உமக்கு ஏன்யா இந்த அக்கறை"ன்னு ஒரு அநாமதேயம் ஆரம்பிக்கும், அது ஊர்ல மாமா வரைக்கும் போகும். அவனைப் பத்தி யாராவது யூகிச்சுடுவாங்கன்னு எனக்கு நானே ஒரு நல்ல காரணமும் சொல்லிக்கிட்டேன். அவன்கிட்ட கேட்கல. ஒபாமா மறைச்சார், மறைச்சார்னு மேலே ரெண்டு பத்தி எழுதினவன், ஓட்டு கூட இல்லாத நான், எந்தத் தேர்தல்ல ஜெயிக்கறதுக்காக மறைச்சேன்?

பதிவு வந்த அன்னிக்கு அவன் படிச்சான். "நல்லா வந்திருக்குண்ணே"ன்னான். ஜி-யைப் பத்தி ஒண்ணும் கேட்கல. நானும் பேச்சை எடுக்கல.

2010-ல கனடா போயிட்டான். 2005-லேர்ந்தே அங்கே நாடு முழுக்கத் திருமணம் உண்டு. அந்த 'அவர்' மாணவர் விசாவுல வந்து சேர்ந்தார், கல்யாணம் முடிஞ்சது, இப்போ ரெண்டு பேரும் டொரான்டோ பக்கம். வின்ட்சர் தீர்ப்பு வந்த அன்னிக்கு நான் போன் பண்ணினேன், வாழ்த்துச் சொல்லலாம்னு. "நல்ல விஷயம்ணே, ஆனா இங்க வீடு வாங்கியாச்சே"ன்னான். மூணு வருஷ இடைவெளி. அமெரிக்காவுக்கு நஷ்டம் ஒரு நல்ல டேட்டாபேஸ் ஆளு.

போன வாரம் அந்தக் கோப்பை அவனுக்கு அனுப்பினேன், ஜி-யை அன்ஹைட் பண்ணி. மறைச்ச கதையையும் எழுதினேன். ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாள் கோப்பு திரும்பி வந்துச்சு. ஐ காலம்னு புதுசா ஒண்ணு சேர்த்து 'நீதிபதி'ன்னு தலைப்பு போட்டிருந்தான். குசினிச் பேர்ல இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தான். மெயில்ல ஒரே ஒரு வரி: "பதிவு போடும்போது ரிச்சர்ட்சன் சிவப்பை எடுத்துடுங்கண்ணே, பாவம்."

எடுத்துட்டேன்.